கழித்தால் கூடும் கணக்கு: தொடக்கப்பள்ளிக் கணித வினாக்களின் மொழி



மொழியியல் சொற்பொழிவு என்றவுடன் ஒலியியலையோ சொற்பிறப்பையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சிறிது ஏமாற்றமே காத்திருக்கிறது. இன்று நாம் ஆராயப்போகும் சான்றுகள் கல்வெட்டிலோ சுவடியிலோ கிடைத்தவையல்ல. தொடக்கப்பள்ளிச் சிறுவர் மாலையில் வீட்டுக்குக் கொண்டுவரும் கணிதப் பயிற்றிகளின் வகையைச் சேர்ந்தவை. எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆகவே எந்தப் பயிற்றியிலிருந்தும் வரி எடுக்காமல், அவற்றின் வார்ப்பிலேயே நாம் அமைத்துக்கொண்ட வினாக்களை வைத்துப் பேசுவோம்.

முதல் வினா இது: "பள்ளி விளையாட்டுப் போட்டி சூலை 12ஆம் நாள் நடைபெற்றது. பரிசளிப்பு விழா 5 நாள் கழித்து நடைபெற்றது. பரிசளிப்பு விழா எந்நாளில் நடைபெற்றது?"

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் 12 − 5 = 7 என்று எழுதுகிறார். விடை, சூலை 7. ஆசிரியர் சிவப்பு மையால் பெருக்கற்குறி இடுகிறார். பெற்றோர் 'என் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை' என்று கவலைப்படுகின்றனர். ஆனால் அப்பிள்ளைக்குக் கழித்தல் நன்றாகவே வந்திருக்கிறது. வகுப்பில் 'கழித்தல்' என்னும் தலைப்பின்கீழ் ஆறு வாரம் பயின்ற சொல்லை வினாவிற் கண்டதும், கற்றபடி கழித்திருக்கிறார். தமிழிலோ நாளைக் 'கழித்தால்' நாள் கூடுகிறது.

'கழி' என்னும் வினைக்கு 'நீங்கு, கடந்து செல்' என்பது அடிப்படைப் பொருள். தொகையிலிருந்து ஒரு பகுதி நீங்கினால் தொகை குறைகிறது. காலத்திலிருந்து ஒரு பகுதி கடந்து சென்றால் நாட்காட்டி முன்னேறுகிறது. வேர் ஒன்றுதான், கணக்கில் விளைவு மட்டும் எதிர்த்திசையில் செல்கிறது. வளர்ந்த நமக்கு இது முரணாகவே தோன்றுவதில்லை. எட்டு வயதுச் சிறுவர்க்கோ, நேற்றுவரை வீட்டுப் பேச்சில் வழங்கிய சொல் இன்று பாடச் சொல்லாகிவிட்டது; எங்கே எப்பொருளில் நிற்கிறது என்று சொல்வார் இல்லை. 'ஐந்து நாளுக்குப் பின்' என்று எழுதியிருந்தால் இச்சிக்கலே எழுந்திராது.

கணிதச் செயல்களுக்குத் தமிழ் சூட்டியுள்ள பெயர்கள் பெரும்பாலும் இவ்வாறு வீட்டிலிருந்து வந்தவையே. கூட்டுவதும் பெருக்குவதும் துடைப்பத்தால் செய்யும் வேலைகள்; 'வகுப்பு' மாணவர் அமர்ந்திருக்கும் அறை. இதனை மொழியின் குறையென்று நாம் கருதவில்லை. இலத்தீனச் சொற்களைக் கடன்வாங்கிக்கொண்ட மொழிகளில் சிறுவர் பொருளறியாமலே கலைச்சொல்லை உச்சரிக்கின்றனர். தமிழ்ச் சிறுவர்க்கோ சொல் முன்னரே தெரிந்திருக்கிறது. தெரிந்த சொல் என்பதனாலேயே அதனைக் கையாள்வோர்க்குக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977ஆம் ஆண்டில் ஒரு பகுப்பாய்வு முறையை வெளியிட்டார். சொற்களாலான கணக்கொன்றைத் தீர்க்கும் மாணவர் ஐந்து படிகளைக் கடக்கிறார்: வினாவை வாசித்தல், பொருளுணர்தல், அதனைக் கணிதச் செயலாக மாற்றுதல், செயலைச் செய்தல், விடையை எழுதுதல். எந்தப் படியில் கால் இடறியது என்று மாணவரிடமே கேட்டறிவது அவர் முறை. அவர் ஆராய்ந்த பிழைகளுள் ஏறத்தாழப் பாதி, செயலைச் செய்யும் படிக்கு வருமுன்னரே நிகழ்ந்திருந்தன. அதாவது, 'கணக்கு வரவில்லை' என்று நாம் சொல்லும் பிழைகளிற் பெரும்பகுதி, கணக்குத் தொடங்குமுன்னரே நேர்ந்தவை. சூலை 7 என்று எழுதிய சிறுவர் மூன்றாம் படியில் இடறியவர். அவருக்கு மேலும் இருபது கழித்தற் கணக்குகளைப் பயிற்சியாகக் கொடுப்பது, காலில் முள் தைத்தவர்க்குக் கையில் மருந்து பூசுவதை ஒக்கும்.

இவ்விடத்தில், வகுப்பறைச் சுவர்களில் அழகாக ஒட்டப்பட்டிருக்கும் ஓர் அட்டவணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'மொத்தம்' என்றால் கூட்டு. 'மீதம்' என்றால் கழி. 'மடங்கு' என்றால் பெருக்கு. 'சமமாக' என்றால் வகு. நல்லெண்ணத்தோடுதான் இதனை ஒட்டியிருக்கிறார்கள். ஆயினும் இவ்வட்டவணை மாணவருக்கு வினாவை வாசிக்காதிருக்கக் கற்றுக்கொடுக்கிறது என்பது நம் உறுதியான கருத்து. பின்வரும் வினாவைக் காண்க:

"கவிதாவிடம் 35 அஞ்சல்தலைகள் உள்ளன. அவள் அமுதாவைவிட 8 அஞ்சல்தலைகள் அதிகம் வைத்திருக்கிறாள். அமுதாவிடம் எத்தனை அஞ்சல்தலைகள் உள்ளன?"

'அதிகம்' என்னும் சொல்லைக் கண்டவுடன் கூட்டி 43 என்று எழுதுவோர் பலர். சரியான விடை 27. இவ்வகை வினாக்களைக் கலிபோர்னியாவில் லூயிஸ், மேயர் ஆகிய இருவரும் 1987இல் ஆராய்ந்தனர். ஒப்பீட்டுச் சொல் ஒரு திசையிலும் செய்ய வேண்டிய செயல் மறு திசையிலும் இருக்கும்போது பிழை மிகுகிறது என்று கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது சிறுவரையன்று, கல்லூரி மாணவரை! பின்னர் 1995இல் ஹெகார்ட்டி, மேயர், மங்க் ஆகியோர் வாசிப்போரின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தனர். பிழை செய்வோரின் கண்கள் எண்களுக்கும் 'அதிகம்', 'குறைவு' போன்ற சொற்களுக்கும் மீண்டும் மீண்டும் திரும்பின. சரியாகச் செய்வோரின் கண்கள் யார், எது என்னும் பெயர்களை நாடின. நம் சுவரட்டவணை முதல் வகையினரைத்தான் உருவாக்குகிறது.

தமிழில் இச்சிக்கலுக்கு ஒரு தனிக்கூறும் உண்டு. ஒப்பீட்டின் முழுச்சுமையையும் '-ஐவிட' என்னும் சிறு உருபுத்தொடர் தாங்குகிறது. சொல்லொழுங்கு நெகிழ்ச்சியானது, 'அமுதாவைவிடக் கவிதா' என்றாலும் 'கவிதா அமுதாவைவிட' என்றாலும் பொருள் ஒன்றே. முதலில் வரும் பெயரே பெரியது என்று ஊகிக்கும் சிறுவர் பாதி நேரம் சரியாகவும் பாதி நேரம் தவறாகவும் இருப்பார். போதாக்குறைக்குச் சொல்லைச் சுருக்கும் பழக்கம் வேறு. 'கவிதா அமுதாவைவிட முகிலனுக்கு 3 பழம் அதிகம் கொடுத்தாள்' என்று எழுதினால், அமுதா கொடுத்ததைவிட அதிகமா, அமுதாவுக்குக் கொடுத்ததைவிட அதிகமா? 'அமுதாவுக்குக் கொடுத்ததைவிட' என்று விரித்து எழுதும் வசதி தமிழில் இருக்கிறது. இடம் மிச்சம் பிடிப்பதற்காக அதனை விட்டுவிடுகிறோம்.

ஒப்பீட்டு வினாவைத் தவிர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதனை அணுகச் செய்யும் வழி மொழியிலேயே இருக்கிறது என்கிறோம். ஹட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. படத்தில் 5 பறவைகள், 4 புழுக்கள். 'புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?' என்று கேட்டபோது முதல் வகுப்புச் சிறுவருள் 64 விழுக்காட்டினரே சரியாக விடையளித்தனர். அதே படத்தைக் காட்டி, 'பறவைகள் விரைந்து சென்று ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கின்றன. எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?' என்று கேட்டபோது 100 விழுக்காட்டினரும் சரியாகச் சொன்னார்கள். பாலர்பள்ளிச் சிறுவரிடம் வேறுபாடு இன்னும் வியப்பானது: 17 விழுக்காடு 83 ஆக உயர்ந்தது. படம் மாறவில்லை, எண்கள் மாறவில்லை, செய்ய வேண்டிய கணக்கும் மாறவில்லை. கேட்ட முறைதான் மாறியது.

இனி 'மடங்கு' என்னும் சொல்லுக்கு வருவோம். அலியிடம் 4 கோலிகள் உள்ளன. முகிலனிடம் '3 மடங்கு' கோலிகள் உள்ளன என்றால் 12. ஐயமில்லை. '3 மடங்கு அதிகம்' என்றால்? நம்மிற் பலர் 12 என்றே கூறுவோம். அப்படியாயின் 'ஒரு மடங்கு அதிகம்' என்பது 4 ஆக வேண்டும். அதாவது சிறிதும் அதிகமில்லை! ஆனால் 'விலை ஒரு மடங்கு அதிகரித்துவிட்டது' என்று கடைத்தெருவில் சொல்பவர், விலை இரட்டிப்பாயிற்று என்றே கருதுகிறார். அந்தக் கணக்கின்படி '3 மடங்கு அதிகம்' 16 ஆதல் வேண்டும். இரு வழக்குகளும் ஒரே மொழியில், சில வேளைகளில் ஒருவர் வாயிலேயே, ஒருங்கே நிலவுகின்றன. இதில் எது சரியென்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. வினா எழுதுவோர் 'மடங்கு' என்பதோடு 'அதிகம்' என்பதைச் சேர்க்காதிருந்தால் போதும். '3 மடங்கு குறைவு' என்று எழுதுவோரும் உளர். அதனை 'மூன்றில் ஒரு பங்கு' என்று எழுதுவதே முறை.

இதனினும் நுட்பமானது உம்மை. "கவிதாவும் முகிலனும் 10 ரிங்கிட் நன்கொடை அளித்தனர்." மொத்தம் 10 ரிங்கிட்டா, 20 ரிங்கிட்டா? ஆசிரியர்க்கான பட்டறையொன்றில் இவ்வினாவை நாம் கரும்பலகையில் எழுதியபோது அவை இரண்டாகப் பிரிந்தது; தேநீர் இடைவேளை வரை வழக்கு நீடித்தது. இருசாராரும் தமிழறிந்தவர்களே. எண்ணும்மை இரு பெயர்களை இணைக்கிறதேயன்றி, அவர்கள் சேர்ந்து செய்தனரா தனித்தனியே செய்தனரா என்று சொல்வதில்லை. 'இருவரும்' என்று சேர்த்தால் தெளிவாகிவிடும் என்று சிலர் கருதுவர், ஆகாது. 'இருவரும் சேர்ந்து' என்றோ 'ஆளுக்கு' என்றோ எழுதியாக வேண்டும். 'ஆளுக்கு' பேச்சுவழக்கு, 'தலா' என்பதே எழுத்துவழக்கு என்று திருத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'ஆளுக்கு' என்பது பழுதற்ற தமிழ். சிறுவர் வீட்டிற் கேட்டுப் பழகிய அச்சொல்லை விலக்கிவிட்டுச் செய்தித்தாளிலன்றி வேறெங்கும் காணாத 'தலா'வை வைப்பதால் என்ன பயன் என்று நமக்குப் புலப்படவில்லை.

பகிர்வைக் காட்டத் தமிழ் இலக்கணம் ஒரு தனி வாய்பாட்டையே வைத்திருந்தது. எண்ணுப்பெயர் இரட்டித்து ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐவைந்து, அவ்வாறு, எவ்வேழு, எவ்வெட்டு, பப்பத்து என வரும். ஒன்பது மட்டும் இவ்வாறு இரட்டிப்பதில்லை; நன்னூல் அதனை விலக்கியே விதி கூறுகிறது. 'மூவருக்கு நந்நான்கு பழம்' என்றால் பன்னிரண்டு; 'மூவருக்கு நான்கு பழம்' என்றால் நான்கே. ஓர் எழுத்து இரட்டிப்பதால் பெருக்கலா வகுத்தலா என்பது தெளிவாகும் இத்தகைய கருவி எல்லா மொழிகளுக்கும் வாய்ப்பதில்லை. 'நந்நான்கு' இன்று சிறுவர்க்குக் கடினம்தான். ஆனால் 'நான்கு நான்காக', 'இரண்டிரண்டாக' என்னும் அடுக்கு வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. வினாத்தாள்களில் அது ஏனோ காணப்படுவதில்லை.

காணப்படாமைக்கு ஒரு காரணம், மொழிபெயர்ப்பு. வினா முதலில் மலாயில் எழுதப்பட்டு, பின்னர்த் தமிழாக்கப்படுவது இந்நாட்டில் இயல்பான நடைமுறை. மலாய் தெளிவான மொழி. அதன் வாக்கிய அமைப்பு வேறு என்பதே செய்தி. பென்சில் ஒன்றின் விலை 80 சென் என்பதை மலாய், 'செபாத்தாங்' என்னும் ஒரு சொல்லால் இறுதியில் முத்திரையிட்டுவிடும். 'ஒரு கோலுக்கு' என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் பென்சிலுக்குக் 'கோல்' என்னும் எண்ணலகு கிடையாதாகையால் மொழிபெயர்ப்பாளர் அதனை விட்டுவிடுகிறார். விளைவு: "80 சென் விலையுள்ள 3 பென்சில்களை வாங்கிய அலி செலவிட்ட மொத்தப் பணம் எவ்வளவு?" மூன்றும் சேர்ந்து 80 சென் என்று கொள்ளும் மாணவரை நாம் குறை சொல்ல முடியுமா? ஒரு சொல் உதிர்ந்தது. அதனோடு 1 ரிங்கிட் 60 சென்னும் உதிர்ந்தது. "பென்சில் ஒன்று 80 சென். அலி 3 பென்சில்கள் வாங்கினான். அவன் எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்பதில் மொழிபெயர்ப்பின் வாடையே இல்லை.

'பாக்கி' என்னும் சொல்லும் ஒரு வேடிக்கை. மலாயில் 'பாக்கி' என்றால் மீதம். அதே அரபுச் சொல் தமிழுக்கும் வந்து, இங்கே 'இன்னும் கொடுக்க வேண்டிய கடன்' என்னும் பொருளை மேற்கொண்டது. 'கடைக்காரரிடம் 50 ரிங்கிட் கொடுத்தபின் பாக்கி எவ்வளவு?' என்றால், வாங்கியவர் திரும்பப் பெறுவதா, இன்னும் தர வேண்டியதா? ஒலி ஒன்றாயிருப்பதே இங்குத் தீங்காக முடிகிறது.

மலாயில் விளக்கத் தொடர்கள் பெயருக்குப் பின்னே வரிசையாக வந்து நிற்கும். வாசிப்பவர் ஒவ்வொன்றாகப் பெற்றுக்கொண்டு போகலாம். தமிழில் அவையெல்லாம் பெயரெச்சங்களாகப் பெயருக்கு முன்னே அடுக்கப்படும். எனவே மலாய் வாக்கியம் ஒன்றைத் தமிழிலும் ஒரே வாக்கியமாக்க முயன்றால் பின்வருமாறு ஆகிறது:

"ஒரு பழக்கடைக்காரர் தாம் வாங்கிய 240 மங்குஸ்தீன் பழங்களில் அழுகியிருந்த 15 பழங்களை நீக்கியபின் எஞ்சியவற்றை ஒரு பைக்கு 9 வீதம் இட்டு நிரப்பிய பைகளுள் 18 பைகள் விற்கப்பட்டன எனில் விற்கப்படாத பைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுக."

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. 'வாங்கிய', 'அழுகியிருந்த', 'நிரப்பிய' என்னும் எச்சங்களை முடிச்சவிழ்த்து, 'எனில்' வரை மூச்சடக்கிச் சென்று, இறுதியில்தான் கேள்வி எதைப்பற்றியது என்று அறிகிறோம். அதற்குள் நான்கு எண்களை நினைவில் ஏந்தியிருக்க வேண்டும். இதனையே இவ்வாறு எழுதலாம்:

"பழக்கடைக்காரர் 240 மங்குஸ்தீன் பழங்கள் வாங்கினார். அவற்றுள் 15 அழுகியிருந்தன, அவற்றை நீக்கினார். நல்ல பழங்களைப் பைக்கு 9 ஆகப் போட்டார். 18 பைகள் விற்றன. இன்னும் எத்தனை பைகள் இருக்கும்?"

கழிக்க வேண்டும், வகுக்க வேண்டும், மீண்டும் கழிக்க வேண்டும்: 225, 25, 7. கணிதம் ஒரு நூலிழையும் எளிதாகவில்லை. உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்னும் பெயரால் வாக்கியத்தை நீட்டிக்கொண்டு போவோர்க்கு இதனைச் சொல்ல விரும்புகிறோம். நீளம் வேறு, உயர்நிலை வேறு. மாணவர் சிந்திக்க வேண்டியது பழங்களைப் பற்றியேயன்றி, 'நிரப்பிய' என்பதற்கு எழுவாய் எது என்பதைப் பற்றியன்று. அதனைத் தமிழ்மொழிப் பாடவேளையில் தாராளமாகக் கேட்கலாம்.

பின்னத்தைப் பற்றி ஒரு சொல். 3/4 என்பதை மலாய் மேலெண்ணிலிருந்து தொடங்கிக் கீழெண்ணுக்குச் செல்லும் முறையில் வாசிக்கிறது. தமிழ் 'நான்கில் மூன்று' என்று கீழிருந்து மேலே போகிறது. கேட்டபடியே எழுதும் சிறுவர் 4/3 என எழுதுவதற்கு இதுவே காரணம். இதனைக் கண்டு, 'மூன்று கீழ் நான்கு' என்று வாசிக்கப் பழக்கினால் என்ன என்று கேட்போர் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. 'நான்கில் மூன்று' என்னும் தொடர், முழுமையை நான்காகப் பிரி, அவற்றுள் மூன்றை எடு என்று பின்னத்தின் பொருளையே வரிசையாகச் சொல்கிறது. கொரிய மொழியும் இவ்வாறே கீழெண்ணை முதலில் சொல்வது. கொரிய, குரோவேசிய, அமெரிக்கச் சிறுவரை ஒப்பிட்டு மியூராவும் பிறரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பின்னத்துக்குரிய படத்தைத் தேர்வதில் கொரியச் சிறுவர் முந்தி நின்றனர். சில ஆண்டுகள் கழித்து (இங்கே யாரும் கழித்துவிட வேண்டா) பைக், மிக்ஸ் என்னும் இருவர், அமெரிக்கச் சிறுவரிடம் 'நான்கு பகுதிகளுள் ஒன்று' என்பதுபோன்ற பெயர்களைச் சொல்லிப் பார்த்தனர், அவர்களும் முன்னேறினர். அவர்கள் ஆங்கிலத்தில் செயற்கையாக அமைத்துக்கொண்ட வசதி நமக்குத் தாய்மொழியிலேயே அமைந்திருக்கிறது.

ஆனால் அதே 'இல்' உருபு, இடத்தையும் காட்டும், கால அளவையும் காட்டும், பங்கையும் காட்டும். 'சம்பளத்தில் 5இல் 2 பங்கை வாடகைக்கும் 3இல் 1 பங்கை உணவுக்கும் செலவிட்டார்' என்னும் வினாவில் இரண்டாவது பங்கு எதிலிருந்து? 3,000 ரிங்கிட் சம்பளமாயின், உணவுச் செலவு 1,000 ரிங்கிட்டும் ஆகலாம். வாடகை போன மீதியில் எனக் கொண்டால் 600 ரிங்கிட்டும் ஆகலாம். 'மீதியில்' என்றோ 'முழுச் சம்பளத்தில்' என்றோ ஒரு சொல் சேர்த்தால் வழக்கு தீர்ந்தது. எண்ணோடு உருபை ஒட்டி எழுதும் முறையும் கீழ் வகுப்பினர்க்கு இடர்தான். '100இல்' என்பதைப் பார்த்து 'நூற்றில்' என்றும், '1000இல்' என்பதைப் பார்த்து 'ஆயிரத்தில்' என்றும் வாசிக்க, அச்சில் இல்லாத திரிபைச் சிறுவர் தாமே வருவித்துக்கொள்ள வேண்டும். இடைவெளியும் அவ்வாறே: 'இரண்டரை ரொட்டி' வேறு, 'இரண்டு அரை ரொட்டி' வேறு. முன்னது இரண்டே பாதி. பின்னது ஒன்றே ஒன்று.

பழந்தமிழ்க் கணக்குகளும் குழப்பமாகத்தானே இருந்தன என்று ஒரு கேள்வி எழக்கூடும். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் செய்யுள் வடிவில் கணக்குகள் உண்டு. பலாப்பழத்தைப் பிளவாமலே, காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் தொகை காணும் வழியும் அதில் உண்டு. அவை ஆசிரியர் எதிரில் இருக்க, வாய்விட்டுச் சொல்லி, விளக்கம் கேட்டுப் பயின்றவை. புதிர் புதிராகவே வைக்கப்பட்டது. கேட்பவரும் புதிர் என்று அறிந்தே கேட்டார். இரவு எட்டு மணிக்கு, ஆசிரியர் அருகில் இல்லாதபோது, தனியே திறந்து பார்க்கும் வீட்டுப்பாடம் அத்தகையதன்று.

இவ்வளவு நுணுக்கமாக இதனை ஆராய வேண்டுமா? வேண்டும் என்பதற்கு இந்நாட்டின் அண்மைக்கால வரலாறே காரணம். 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் படிப்படியாக இவ்விரு பாடங்களும் தமிழ்ப்பள்ளிகளில் தமிழுக்குத் திரும்பின. 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் இன்று ஆசிரியர்களாகியுள்ளனர். தொடக்கப்பள்ளியில் கணிதத்தைத் தமிழிற் கல்லாத ஒரு தலைமுறை, அதனைத் தமிழிற் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. அவர்கள் உழைப்பில் குறையில்லை; ஆனால் கணக்கை எப்படித் தமிழில் கேட்பது என்பதைக் காதாற் கேட்டு வளரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டும் என்போர்க்கும் வேண்டா என்போர்க்கும் இடையே நிகழ்ந்த வாதங்களை நீங்கள் அறிவீர்கள். அவ்வாதத்தில் ஒரு பெற்றோர் 'தமிழில் கணக்கு புரியவில்லை' என்று சொன்னபோது, நம்மவர் பலர் அதனை மொழிப்பற்றின்மை என்று ஒதுக்கினர். அந்தப் பெற்றோர் கையில் வைத்திருந்தது மேலே கண்ட மங்குஸ்தீன் வினாவைப் போன்ற ஒன்றாக இருந்திருப்பின், அவர் சொன்னது உண்மையே. அவர் புரியவில்லை என்று சொன்ன வாக்கியம் மோசமானது. அதற்காகத் தமிழ் தண்டனை பெறுகிறது. கூட்டங்களில் தாய்மொழிக் கல்விக்காகக் குரல் கொடுப்பவர்கள், தம் பள்ளியின் நான்காம் ஆண்டுக் கணித வினாத்தாளை ஒருமுறை அமர்ந்து வாசித்துப் பார்க்கலாம்.

குழம்பிய வினாக்களுக்குப் பழகிய மாணவர் என்ன ஆகிறார் என்பதற்கும் சான்று உண்டு. 1980ஐ ஒட்டிப் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வுக்குழு ஒன்று சிறுவரிடம், கப்பலில் இத்தனை ஆடு உள்ளன, கப்பல் தலைவரின் வயது என்ன என்னும் வகையில் கேட்டது. பெரும்பாலோர் இருந்த எண்களைக் கூட்டி வயதைச் சொல்லிவிட்டனர். 2018இல் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் ஐந்தாம் வகுப்புத் தேர்விலும் இத்தகைய வினா இடம்பெற்றுப் பெரும் பேச்சாயிற்று. அச்சிறுவர் அறிவிலிகள் அல்லர். வினா பொருள்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டவர்கள்.

ஆசிரியர் செய்யத்தக்கது என்ன? பெரிய திட்டமெதுவும் வேண்டா. வினாவை எழுதியபின் எண்களை நீக்கிவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். 'கடைக்காரர் சில பழங்கள் வாங்கினார். சில அழுகியிருந்தன' என்று, எண்ணில்லாமலே கதை விளங்க வேண்டும். விளங்கவில்லையாயின் எண் சேர்ப்பதால் விளங்கிவிடாது. பின்னர்க் கணிதம் கற்பிக்காத சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, விடை வேண்டா, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்மொழி ஆசிரியரைவிட உடற்கல்வி ஆசிரியரே இதற்கு ஏற்றவர் என்பது நம் பட்டறிவு; இலக்கணத்தைக்கொண்டு வினாவைக் காப்பாற்றும் பழக்கம் அவரிடம் இல்லை. மொழிபெயர்ப்பதாயின், மலாய் மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து, கதையை மனத்திற்கொண்டு தமிழில் எழுதுங்கள். வகுப்பில், கணிதத் தொடரை எழுதுமுன் படம் வரையவோ நடித்துக்காட்டவோ ஐந்து நிமிடம் கொடுங்கள். பரிசளிப்பு விழா போட்டிக்கு முன்னரே நடந்துவிட்டதை மாணவர் தாமே கண்டு சிரிப்பர்.

இருபொருள்படும் வினா எவ்வளவு விழிப்பாயிருந்தாலும் தேர்வுத்தாளில் நுழையத்தான் செய்யும். அப்போது இரு வாசிப்புகளுக்கும் மதிப்பெண் வழங்குங்கள். 'கவிதாவும் முகிலனும்' வினாவுக்கு 20 ரிங்கிட் என்று எழுதியவரிடம் காரணம் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவர் இரண்டு பாடங்களைக் கற்றிருக்கிறார். அவ்வினாவையும் அதன் திருத்திய வடிவத்தையும் பள்ளியின் கணிதப் பாடக்குழுக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆண்டுக்குப் பத்து வினா சேர்ந்தாலும், மூன்றாண்டில் புதிதாக வரும் ஆசிரியர் கையில் கொடுக்க முப்பது இருக்கும்.

அத்தகைய வினாக்கள் உங்களிடம் இப்போதே இருக்கின்றன என்பதை முன்வரிசையிலுள்ள பைகளின் பருமனே காட்டுகிறது. எஞ்சிய நேரத்தை அவற்றுக்கே தருகிறோம். ஒவ்வொருவராக எழுந்து வாசியுங்கள், கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம்.